சுமை தவமாவது எப்போது?

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளிக்கு ஏறும் வண்டிகளில் பெரியவர்களோடு பிள்ளைகளும் சபரிமலைக்கு மாலை போட்டு வருகிறார்கள். பையன்கள் கன்னிசாமிகளாக, பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள் மாளிகைப்புறங்களாக. வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழியாகக் காட்டுப்பாதையில் நடக்கும் கூட்டத்திலும் அவர்கள் உண்டு, தலையில் சின்ன இருமுடியுடன். அதே கேரளத்து இடுக்கி மலையில், அதே வயதுப் பிள்ளைகள், ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் முதுகில் புத்தகப் பையோடு எஸ்டேட் சரிவுகளில் ஏறி இறங்குகிறார்கள். முதல் சுமையைக் கண்டால் கைகூப்புகிறோம். இரண்டாவதைக் கண்டால், ‘கஷ்டப்பட்டால்தானே முன்னுக்கு வரமுடியும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். முதலாவதற்குரிய மரியாதையில் கொஞ்சத்தை எடுத்து இரண்டாவதற்கும் பூசிவிடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது சரியா? சுமப்பதாலேயே ஒரு சுமை புனிதமாகிவிடுமா? பிள்ளைக்குப் பொருத்தமான பை வாங்குவது கடைத்தெரு விஷயம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அதைச் சரியாகச் செய்ய முடியாது.

இருமுடியையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பகுதிகள். முன்முடியில் நெய் நிறைத்த தேங்காயும் பூசைப் பொருள்களும்; பின்முடியில் வழிக்கு வேண்டிய அரிசி, அவல் போன்றவை. எதை எங்கே வைப்பது என்பதற்கு முறை உண்டு. அதைத் தெரிந்த குருசாமி கட்டித் தருகிறார். பிள்ளைக்கென்றால் பிள்ளையின் அளவுக்குக் கட்டுகிறார். பெரியவரின் கட்டைச் சிறுவன் தலையில் ஏற்றி, ‘இதையும் தூக்கிப் பழகு’ என்று எந்தக் குருசாமியும் சொல்வதில்லை. சுமக்கிறவருக்குத் தன் தலையில் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தச் சுமைக்கு ஒரு முடிவு உண்டு. பதினெட்டாம் படி ஏறியபின் கட்டுப் பிரிக்கப்படுகிறது, நெய் அபிஷேகத்துக்குப் போய்விடுகிறது. எருமேலியிலிருந்து போகும் பழைய பெருவழியில் இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. கன்னிசாமி அழுதை ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுக்கிறான். மேலே ஏறி, கல்லிடும் குன்றில் அதைப் போட்டுவிடுகிறான். எடுக்க ஓரிடம் இருந்தால் போட ஓரிடம் இருந்தாக வேண்டும் என்பதை அந்தப் பாதையே வகுத்துவைத்திருக்கிறது. ஆக, நம் வழிபாட்டில் சுமைக்கு மதிப்பு வருவது மூன்றினால்: சுமப்பவருக்கு அதன் பொருள் தெரிகிறது, அவர் உடலுக்கேற்ப அது அளக்கப்படுகிறது, அதை இறக்கிவைக்க ஓரிடம் இருக்கிறது. இந்த மூன்றும் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் எடை.

புத்தகப் பையில் இந்த மூன்றும் பெரும்பாலும் இல்லை. பொருளைப் பற்றிப் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இலேயே சொல்லிவிட்டது. பையின் எடை ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் உள்ளது புரியாமல் போவதுதான் அதைவிடக் கொடிய சுமை என்பது அந்த அறிக்கையின் சாரம். அதற்கும் முன்பே, மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தன் கன்னிப்பேச்சு முழுவதையும் பள்ளிப் பிள்ளைகளின் முதுகுக்காகவே செலவிட்டார். அளவைப் பற்றியும் பேசாமல் இல்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடையைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2020இல் வந்த ஒன்றிய அரசின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ வரை என்று கணக்கும் தருகிறது. கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 18 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வரம்பு 1.8 கிலோ. வெறும் பை அரைக் கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மீதி இருப்பது 300 கிராம். அதற்குள் புத்தகம், நோட்டு, டப்பா எல்லாம் அடங்க வேண்டும். எல்லைப் பகுதித் தமிழ்வழிப் பிள்ளைக்கு வகுப்பு ஏற ஏறத் தமிழோடு மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று மொழிகளும் சேர்கின்றன. இடவப்பாதி மழைக்குக் குடையோ மழைக்கோட்டோ தவிர்க்க முடியாது. நனைந்த மழைக்கோட்டையும் பைக்குள்ளேயே திணித்தால் அதன் எடை வேறு.

அளவு என்பது எடையோடு முடிவதில்லை. அந்த எடை உடலில் எங்கே உட்காருகிறது என்பதிலும் இருக்கிறது. பையின் மேல்விளிம்பு தோளைத் தாண்டி உயரக் கூடாது. அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே நான்கு அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது. அகலம் பிள்ளையின் முதுகை மீறக் கூடாது. தோள்பட்டைகள் இரண்டும் அகலமாகவும் மெத்தென்றும் இருந்து, இழுத்துச் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஒற்றைத் தோளில் மாட்டினால் முதுகெலும்பு ஒரு பக்கம் வளைந்தே அதைச் சமாளிக்கும். கனமான புத்தகம் முதுகை ஒட்டிய அறையிலும் லேசானவை வெளியறையிலும் இருக்க வேண்டும். முதுகைவிட்டு விலக விலக அதே எடை பின்னால் அதிகமாக இழுக்கும், பிள்ளை முன்னால் குனியும். மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கம் லயத்திலிருந்து ரோட்டுக்கு வருவதென்றாலே சரிவுதான். ஈரப் பாதையில் இறங்கும்போது தொளதொளவென்று தொங்கும் பை பின்புறமாக ஆடினால் கால் வழுக்கும். இவ்வளவும் தெரிந்திருந்தும் கடையில் நாம் செய்வது என்ன? ‘வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷத்துக்கு ஆகட்டும்’ என்று ஒரு சைஸ் பெரியதாக எடுக்கிறோம். சட்டைக்கு அந்த நியாயம் செல்லும். பெரிய சட்டை பிள்ளையை வருத்தாது. பெரிய பை வருத்தும், இடமிருப்பதால் நிரம்பவும் செய்யும். வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர், மயிலிறகு போல் லேசான பொருளையும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார். பொருளில் குற்றமில்லை; ஏற்றுகிறவர் அளவறிய வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு.

இதற்கு வரும் முதல் மறுப்பு மதத்தின் பெயராலேயே வரும். உடலை வருத்துவது தவம் அல்லவா, சிறுவயதில் பட்ட பாடுதானே மனிதனை உருவாக்குகிறது, ஐயப்பனாகிய மணிகண்டனே பன்னிரண்டு வயதில் புலிப்பால் கொண்டுவரக் காட்டுக்குப் போனவன்தானே என்பார்கள். அந்தக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். பையனைக் காட்டுக்கு அனுப்பியது ராணியின் பொய்த் தலைவலியும் மந்திரியின் சூழ்ச்சியும். அதைக் கதை தவம் என்று சொல்லவில்லை, வஞ்சகம் என்றுதான் சொல்கிறது. மனமில்லாமல் வழியனுப்பிய பந்தள ராஜா, தேங்காயும் வழிக்கு உணவும் வைத்துக் கட்டிக் கொடுத்தாரே, அதைத்தான் இருமுடியின் தொடக்கமாக ஐதீகம் வைக்கிறது. சுமையைத் திணித்தவர்களை அல்ல, வழிக்கு வேண்டியதை அளந்து கட்டித்தந்த தகப்பனைத்தான் பக்தர்கள் பின்பற்றுகிறார்கள். பாலக்காட்டுக்காரர்கள் காவடி எடுத்துச் செல்லும் பழநியிலும் கதை அப்படித்தான் போகிறது. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் தூக்கிவந்தவன் இடும்பன், வளர்ந்த அசுரன். இறக்கிவைத்த மலையை அவனால் மறுபடி தூக்க முடியவில்லை. மலைமேல் நின்றது ஒரு குழந்தை, முருகன். இடுக்கி மலையின் முதுவர்களிடம் வழிவழியாக ஒரு நம்பிக்கை உண்டு: மதுரையை விட்டு வந்தபோது தங்கள் முன்னோர் மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறினார்கள் என்பது. அதே முதுகில்தான் தங்கள் பிள்ளைகளையும் துணியால் கட்டிச் சுமந்தார்கள். தெய்வத்தையும் குழந்தையையும் ஒரே இடத்தில் வைத்த வழக்கம் அது. தவத்தைப் பற்றிச் சொல்வதென்றால், கீதையின் 17ஆம் அத்தியாயம் சாத்திரம் விதிக்காத கடுந்தவத்தால் உடலை வாட்டுவதை அசுரத் தன்மை என்றே கண்டிக்கிறது. தவம் ஒருவர் தானாக ஏற்பது. ஏழு வயதுப் பிள்ளை எதையும் தானாக ஏற்கவில்லை. நாம் மாட்டிவிட்டதை மாட்டிக்கொண்டு நடக்கிறது.

இரண்டாவது மறுப்பை இவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது. மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் அம்மா, மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அதே சரிவில் நடக்கிறாள். அவளுக்கு மெத்தென்ற பட்டை யார் வைத்தார்கள்? அவள் கூலியில் பிள்ளைக்கு நல்ல பை என்பது வசதியுள்ளவர்களின் பேச்சாக ஒலிக்கலாம். அந்த வலி உண்மை. ஆனால் தன் சுமையைப் பற்றி அந்தத் தாய்மாரே என்ன நினைக்கிறார்கள் என்பதை 2015 செப்டம்பரில் ஊரே பார்த்தது. நாள் கூலி 232 ரூபாயாக இருந்த அந்தக் காலத்தில், போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அந்தப் போராட்டத்தின் பேச்சிலெல்லாம் மூட்டையும் கூடையும் இருந்தன. சுமந்து பழகியவர்கள் சுமையை வாழ்த்தவில்லை, அதன் அளவை நியாயப்படுத்தச் சொன்னார்கள். தாய் கனமாகச் சுமக்கிறாள் என்பது பிள்ளையும் சுமப்பதற்கு நியாயமாகாது. விலையைப் பொறுத்தவரை, பொருத்தம் என்பது பெரும்பாலும் அளவிலும் தைப்பிலும் இருக்கிறது, பொம்மைப் படத்திலோ கம்பெனிப் பெயரிலோ இல்லை. சிறிய பை பெரிய பையைவிட மலிவாகவே கிடைக்கும்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது: சொகுசான பையைக் கொடுத்தால் கனம் தெரியாமல் போகும்; பள்ளி இன்னும் ஏற்றும்; தப்பை மறைக்கத்தான் பை உதவும். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பை வாங்குவதோடு கடமை முடிந்தது என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாத பாரங்களைக் கட்டி மனிதர்களின் தோள்மேல் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களை இயேசு கண்டித்ததாக மத்தேயு எழுதுகிறார். எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் இறைவன் சுமத்துவதில்லை என்கிறது குர்ஆன். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எல்லை ஊர்களில் இந்த மூன்று மரபையும் கேட்டு வளர்ந்த நாம், சுமத்துகிறவரின் பொறுப்பு என்று ஒன்று இருப்பதை மறுக்க முடியாது. அந்தப் பொறுப்பு பெற்றோருக்கும் உண்டு, பள்ளிக்கும் உண்டு. ஆனால் பள்ளி திருந்தும்வரை பிள்ளையின் தோளில் சிவந்த தடம் விழட்டும், அது போராட்டத்துக்கு ஆதாரமாகட்டும் என்று காத்திருப்பது கொடுமை. இன்றைய வலிக்கு இன்று மருந்து, நாளைய அநீதிக்கு நாளை வழக்கு என்று பிரிக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம்.

ஆகவே பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பை வாங்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். போன வருடத்துப் புத்தகங்களை எடுத்துச் சென்று, பைக்குள் வைத்து, மாட்டிப் பார்த்து, கடைக்குள் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். தலை முன்னே நீள்கிறதா, இடுப்பிலிருந்து குனிகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். இந்த வருடத்து முதுகுக்கு வாங்குங்கள். இரவு பையைப் பிரித்து, நாளைய டைம்டேபிளில் இல்லாததை எடுத்துவிடுங்கள். அப்படியும் எடை பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். பள்ளியிலேயே நல்ல குடிநீர் வேண்டும், புத்தகம் வைக்க அலமாரி வேண்டும், எடை பார்க்க ஒரு மெஷின் வேண்டும் என்று கேளுங்கள். இவற்றைக் கேட்க 2020ஆம் ஆண்டுக் கொள்கை உங்கள் பக்கம் இருக்கிறது.