ஒரு பொம்மை வாங்கி அச்செடுக்கலாமா?

விருத்தகிரீஸ்வரரைத் தரிசிக்க வருகிறவர்களும், ஜங்ஷனில் ரயில் மாற இறங்குகிறவர்களும் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதுண்டு. பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டையும் அரசு கல்வி நிலையமும் உள்ள ஊர் இது. வீட்டு ஃபியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரை இங்கே சூளையில் வேகின்றன.

வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கடையில் ஒரு பொம்மையின் முகத்தில் மயங்கிவிடுகிறார். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கியும் விடுகிறார். ஆனால் அது அவர் வீட்டுக் கொலுப்படிக்குப் போகவில்லை. சொந்த ஊரில் தெரிந்த பட்டறையில் அச்செடுக்கப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளை அவர் விருப்பப்படி பயன்படுத்தக் கூடாதா?

விடை தேடுமுன் தொழிலைப் பார்க்க வேண்டும். முதலில் ஒருவர் களிமண்ணில் உருவத்தைக் கையால் பிடிக்கிறார். கண்ணின் சாய்வும் உதட்டின் ஓரமும் அமையும்வரை அழித்து அழித்துச் செய்கிற வேலை. அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றித் துண்டு துண்டாக அச்செடுப்பார்கள். அச்சுக்குள் பீங்கான் குழம்பை ஊற்றினால் பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோடு ஒட்டிய படலம் கெட்டியானதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு உலர்த்துவது, பிசிர் சீவுவது, சூளை, வண்ணம். அச்சு கிடைத்துவிட்டால் இதற்குப் பிறகான அத்தனையையும் பயிற்சி உள்ள எவரும் செய்யலாம். பொம்மையிலிருந்தே அச்செடுப்பவர் தன்னை விடுவித்துக்கொள்வது அந்த முதல் வேலையிலிருந்துதான். விலையாகக் கொடுத்த பணத்தில் ஒரு பொம்மைக்கான கூலி இருந்தது. அந்த முகத்தை நூறு முறை வார்ப்பதற்கான கூலி இல்லை.

மண் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. பீங்கான் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஆகவே பொம்மையிலிருந்து அச்செடுத்து வார்த்தது மூலத்தைவிடச் சிறிதாகவே வரும். மூக்கும் விரலும் மழுங்கியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தொழில் தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பாது.

சட்டத்தின் பாதுகாப்போ குறைவு. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை உண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரியவரே 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்துவிட்டால் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது. நவராத்திரிக்கு முன் ஒரு சிறு பட்டறை வார்க்கும் எண்ணிக்கைக்கு 50 எம்மாத்திரம்? நன்றாக விற்பதாலேயே உரிமை போகக்கூடிய நிலை இது. அங்கே தடுப்பதற்கு வாங்குபவரின் மனச்சாட்சி ஒன்றுதான் மிச்சம்.

தசாவதாரம் யாருடைய சொத்து என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டறைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுத்தான் இந்தக் கலை இவ்வளவு தூரம் வந்தது. ஒரு நரசிம்மரைப் பார்த்துவிட்டுப் போய் இன்னொருவர் தன் கையால் வேறொரு நரசிம்மரைப் பிடித்தால் அதில் குற்றமே இல்லை. கலை வளர்வது அப்படித்தான். நரசிம்மர் எல்லோருக்கும் பொது. இந்த முகம் பொதுவல்ல.

இதனால் பயணிகள் கடை வாசலிலேயே தயங்கி நிற்க வேண்டியதில்லை. ஆசைதீரப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவதில் தவறில்லை. இரக்கப்பட்டு வேண்டாததை வாங்குவது கைவினைஞருக்கு மரியாதையும் ஆகாது. படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அச்சுதான் வேண்டுமென்றால் அதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். செய்தவரிடமே கூடுதல் பொம்மைகளுக்கு ஆர்டர் கொடுங்கள், அல்லது அச்சுக்கு அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். அவர் மறுத்தால் அந்த முகத்தை விட்டுவிடுங்கள்.