கடைசியாக வந்தவள்

குறுந்தூர ட்ரையத்லான் போட்டிக்காக, 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள் பழகினேன். ஏழாவது வளைவில் முழங்கால் பிடித்துக்கொண்டது. “உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் அத்தை. கிரிக்கெட்டில் கால் சுளுக்கிய தன் மகனிடம், “சரியாயிடும்ப்பா, விட்றாத” என்றவரும் அவர்தான்.

1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துச் சாய்ந்தார்கள் என்று சொல்லி, 1960 வரை அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு இல்லாமல் செய்தார்கள். ஆண்களுக்கான 800 மீட்டர் ஓட்டமோ நிறுத்தப்படவே இல்லை.

நான்கு மாதம் கழித்து 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓடி, கடைசியாக வந்தேன். பதக்கம் கிடைத்திருந்தால், அடுப்படிக்கு வராத என் விடியற்காலைகளை வீடு மன்னித்திருக்கும். ஆனால் என் நேரத்துக்கு நான் ஏன் ஜெயித்துக் கணக்குக் காட்ட வேண்டும்? பிடித்ததைச் சுமாராகச் செய்யவும் நமக்கு உரிமை உண்டு.