பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

'பார்' என்னும் சொல்லோடு 'கொள்' என்பது சேரும்போது அதன் பொருள் எவ்வளவு மாறிவிடுகிறது! 'குழந்தையைப் பார்' என்றால் கண் திறந்திருந்தாலே போதும். 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றாலோ, அதன் பசிக்கும் அழுகைக்கும் நாமே பொறுப்பாகிறோம். காடுகளையும் கடல்களையும் விண்ணிலிருந்து கண்காணிக்கும் இக்காலத்தில், இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை நாம் எண்ணிப் பார்க்கவேண்டியவர்களாயிருக்கிறோம்.

1972-ஆம் ஆண்டு அமெரிக்கா ஏவிய முதல் 'லேண்ட்சாட்' செயற்கைக்கோள் தொடங்கி, புவியின் பசும்போர்வையை மனிதன் இடைவிடாது படம்பிடித்து வருகிறான். செழித்த இலை, சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்பும் இயல்புடையது. இவ்விரண்டையும் ஒப்பிட்டே காடு எங்கே செழிக்கிறது, எங்கே வாடுகிறது, எங்கே வெட்டப்பட்டது எனக் கணிக்கின்றனர். மர உச்சியை ஒட்டிப் பறக்கும் டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானமோ, ஒற்றை மரத்தையும் யானைக் கூட்டத்தையும் அருகிருந்து காண்பதுபோல் காட்டிவிடுகிறது.

இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாக 2004-ஆம் ஆண்டிலும் ஏடுகள் கூறின. 2005-இல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கள்ளவேட்டை அனைத்தையும் அழித்திருந்தது. மனிதர் எழுதிவைத்த கணக்கு பொய்த்துப்போகும்போது, எவர் முகத்துக்கும் அஞ்சாத கருவியின் சான்று நமக்குத் தேவைப்படுகிறது.

ஆயினும் சான்று மட்டும் காத்துவிடுமா? பிரேசில் நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம், அமேசான் காடு ஆண்டுதோறும் எவ்வளவு அழிகிறது என்பதை 1988 முதல் செயற்கைக்கோள் படங்களால் கணக்கிட்டு வருகிறது. 2004-ஆம் ஆண்டின் அழிவு ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். காடு வெட்டப்படுவதை உடனுக்குடன் எச்சரிக்கும் ஏற்பாடு அவ்வாண்டே தொடங்கிற்று. எச்சரிக்கை வந்த இடத்திற்கு அதிகாரிகள் நேரில் சென்றனர், தண்டம் விதித்தனர். 2012-இல் அழிவு சுமார் 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. 2019-இலோ, அன்றைய குடியரசுத் தலைவர் பொல்சொனாரோ அக்கணக்கையே பொய் என்றார். அதை மறுத்துரைத்த நிறுவன இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ பதவி இழந்தார். 2021-இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த ஆண்டுகளிலும் செயற்கைக்கோள்கள் தவறாது படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தன. கண் இருந்தது, கண்டதற்குப் பொறுப்பேற்கும் மனம்தான் இல்லை.

இது கண்டும் காணாதிருந்த கதை. காணக்கூடாததைக் கண்ட கதையும் ஒன்று உண்டு. இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்துக் கார்பெட் காடு, இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக 1936-இல் அமைந்தது. அதைச் சூழ்ந்த ஊர்களில் பதினான்கு மாதங்கள் ஏறத்தாழ 270 பேரோடு உரையாடிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய், 2024 நவம்பரில் தம் ஆய்வை வெளியிட்டார். விறகும் புல்லும் சேகரிக்கச் சட்டப்படி உரிமையிருந்தும், காட்டுக்குள் சென்ற பெண்களை மிரட்டி வெளியேற்றுவதற்கென்றே அவர்கள் தலைக்கு மேலே டிரோன்கள் பறக்கவிடப்பட்டதாக அவ்வாய்வு கூறுகிறது. விலங்குகளுக்காகப் பொருத்திய தானியங்கிக் கேமராவில், 2017-ஆம் ஆண்டு, ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் அரைகுறை ஆடைக் கோலம் பதிந்துவிட்டது. அப்படம் கைப்பேசிகளில் பரப்பப்பட்டது. வெகுண்டெழுந்த ஊரார் கண்ணில் பட்ட கேமராக்களை எல்லாம் உடைத்தனர்.

அக்காட்டில் பெண்கள் பாடிக்கொண்டு செல்வது வழக்கம். பாட்டு களைப்பைத் தீர்க்கும். புலியும் யானையும் மனிதக் குரல் கேட்டு விலகிப்போகவும் உதவும். கேமராவுக்கு அஞ்சி அவர்கள் குரல் தாழ்ந்தபோது, விலங்கு திடீரென எதிர்ப்படும் ஆபத்து மிகுந்தது. காட்டைக் காக்க வைத்த கண், காட்டை நம்பி வாழ்வோரின் காவலைப் பறித்துக்கொண்டது.

"தவறு செய்யாதவர் கேமராவுக்கு ஏன் அஞ்சவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். புல்லறுக்கச் சென்ற அப்பெண்கள் செய்த தவறு யாது? தம்மை யார் பார்க்கிறார், எதற்காகப் பார்க்கிறார், பார்த்ததை எவரிடம் காட்டுவார் என்பது ஒன்றுமே தெரியாத நிலையில், குற்றமற்றவரும் கூனிக் குறுகித்தான் போவர். பார்ப்பவர் மறைந்திருக்க, பார்க்கப்படுபவர் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும் உறவில் மனித மாண்புக்கு இடமில்லை.

நம் இனத்தின் நினைவிலேயே இதற்கு ஒரு சொல் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்ற நம் மக்கள்மீது 'கங்காணி' ஒருவர் அமர்த்தப்பட்டார். கண்காணி என்பதன் திரிபே அச்சொல். கூலியாளின் கை ஓயாதிருக்கிறதா என்று பார்ப்பதே அவருக்கிட்ட வேலை; வயிறு நிறைந்ததா என்று பார்ப்பது அன்று. காட்டைக் காக்கும் நல்ல நோக்கமும், மேலிருந்து பார்ப்பதோடு நின்றுவிட்டால், கங்காணியின் பார்வையாகச் சுருங்கிவிடக்கூடும்.

அப்படியானால் கருவிகளை விலக்கிவிடுவதா? வேண்டியதில்லை. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் வாழும் உரு-எவ்-வாவ்-வாவ் பழங்குடியினர், தங்கள் நிலத்தில் அத்துமீறி நுழைந்து மரம் வெட்டுவோரைக் கண்டறிய, அண்மை ஆண்டுகளில் தாங்களே டிரோனை இயக்கக் கற்றுக்கொண்டனர். கருவி வேறல்ல, அதை ஏந்திய கை வேறு. காட்டில் பிறந்து, காட்டிலேயே வாழவேண்டிய அவர்கள் எடுக்கும் படம், தம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருவர் எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, கண்காணிப்பு அறமாக வேண்டுமானால், பார்க்கப்படும் இடத்தில் வாழும் மக்கள் அதனை அறிந்திருக்கவேண்டும். அதில் அவர்களுக்குப் பங்கும் வேண்டும். எடுத்த படங்கள் நிலத்தைப் பற்றியனவாயின் எல்லார்க்கும் திறந்திருக்கட்டும். மனிதரைப் பற்றியனவாயின் அழிக்கப்படட்டும். மேலிருந்து கண்டவர், கண்ட இடத்திற்கு இறங்கிவந்து பதில் சொல்லவேண்டும்.

நகரங்களில் வாழும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. புலிகள் பெருகினவென்ற செய்தியைப் படித்து நாம் மகிழ்கிறோம்; மகிழ்வது முறையே. அம்மகிழ்ச்சிக்காக எங்கோ ஒரு பெண்ணின் பாட்டு நின்றுபோயிருக்குமானால், அதையும் நாம் கேட்டறியவேண்டும். காட்டைப் பார்த்துக்கொள்வது என்பதில், அக்காட்டுப் பாதையில் விறகு சுமந்து வருபவளைப் பார்த்துக்கொள்வதும் அடங்கும்.