கணிப்பொறித் தொழிலும் இல்லறத்தார் அணுவிரதமும்



கற்பக மரங்கள் வளம் குன்றி, மக்கள் செய்வதறியாது திகைத்து நின்ற காலத்தில், முதல் தீர்த்தங்கரராகிய ஆதிபகவன் உயிர் வாழ்தற்குரிய ஆறு தொழில்களை அவர்களுக்குக் கற்பித்தருளினார். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என வடமொழி நூல்கள் கூறும் அவற்றை வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் எனத் தமிழில் சொல்கிறோம். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அவரே கற்பித்தார் என்பது நம் புராண மரபு.

இன்று நம் பிள்ளைகளுள் பலர் மேற்கொண்டுள்ள மென்பொருள் தொழிலை இந்த ஆறனுள் எதில் சேர்ப்பது? எழுத்தும் எண்ணும் இன்றி அத்தொழில் இல்லை; ஆகவே பிராமியும் சுந்தரியும் கற்ற கல்வியின் வழிவந்ததே அது என்று கொள்வதில் பிழையில்லை. சிற்பம் என்று வாதிடுவோரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து நம் ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் உழவே பெருந்தொழில்; அதற்கடுத்து ஆசிரியப் பணி. அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும், பெங்களூரிலும், கடல் கடந்த நாடுகளிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். இதனைக் குறித்து நம் பெரியோர் மகிழ்வுடன் கூறும் சொல் ஒன்று உண்டு. "நாங்கள் ஏர் பூட்டியபோது கொழுமுனையில் எத்தனை புழுக்கள் மடிந்தன! என் பேரனோ விசைப்பலகையைத் தட்டுகிறான். ஓர் எறும்பும் சாகவில்லை. ஹிம்சையற்ற தொழில் நம் குலத்துக்கு வாய்த்துவிட்டது" என்பார்கள். நாமும் இதனைப் பல ஆண்டுகள் மேடைகளில் சொல்லி வந்தோம். அது பாதி உண்மையே என்று பின்னர் உணர்ந்தமையால் இதனை எழுதுகிறோம்.

இல்லறத்தானைச் சாரும் ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர். அட்டில் தொழில் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி; பிழைப்புக்குரிய தொழிலில் நேர்வது உத்யோகி; தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி; கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்வது சங்கல்பி. இவற்றுள் இறுதியானதை இல்லறத்தான் அறவே விடுதல் வேண்டும். ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைத்தல் வேண்டும். கணிப்பொறியாளனின் உத்யோகி ஹிம்சை உழவனுடையதைவிடச் சிறியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, 'உயிர் போக்குதல்' என்பதோடு நில்லாமல், 'பிரமாதத்தின் சேர்க்கையால்' என்ற ஒன்றை முன்னே வைத்தார். பிரமாதமாவது விழிப்பின்மை, கருத்தின்மை. விழிப்போடு அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் சிற்றுயிர் ஒன்று தானே வந்து மடிந்தாலும் அவருக்கு வினைக்கட்டு இல்லை. விழிப்பின்றி நடப்பவன் காலில் எவ்வுயிரும் படாவிடினும் அவன் ஹிம்சகனே.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் தெராக்-25 என்னும் கருவியைக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று செய்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6 நோயாளிகள் அக்கருவியால் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுட் சிலர் அதனாலேயே உயிர் நீத்தனர். முந்தைய கருவிகளில் கதிர் மிகுந்தால் தடுப்பதற்குத் தனிப்பட்ட மின்பொறித் தடைகள் இருந்தன. புதிய கருவியிலோ அக்காவல் வேலை மென்பொருளிடமே ஒப்படைக்கப்பட்டது.

1986 மார்ச் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் கருவியை இயக்கிய பெண்மணி, 'எக்ஸ்' என்னும் எழுத்தைத் தவறுதலாகத் தட்டி, உடனே 'இ' என்று திருத்தினார். பழகிய கை, திருத்தம் 8 விநாடிக்குள் முடிந்துவிட்டது. கருவியின் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்ற எழுத்து மட்டும் தோன்றிற்று. இத்தகைய அறிவிப்புகள் நாள்தோறும் வருவன ஆதலால், அவர் மேலே செல்லும் விசையை அழுத்தினார். உள்ளே படுத்திருந்த மனிதர் இரண்டாம் முறையும் தாக்குண்டார். சில மாதங்களில் இறந்தார். நிறுவனத்தார் வந்து பார்த்துக் குறையொன்றும் இல்லை, இக்கருவி அளவு மீறுதல் இயலாது என்று உரைத்துச் சென்றனர். ஏப்ரலில் அதே அறையில் இன்னொருவர் தாக்குண்டு அடுத்த மாதம் இறந்தார்.

இங்கே கொல்லக் கருதியவர் யார்? ஒருவருமில்லை. சங்கல்பம் அணுவளவும் இல்லை. நிரலை எழுதியவனைப் பழிக்க நாம் வரவில்லை. விநாடிகளின் இடுக்கில் மறைந்திருக்கும் பிழையை முன்கூட்டி அறிதல் அரிது. ஆனால் அடிபட்டவர் அலறிய பின்னும் 'இயலாது' என்று சொன்ன வாய் பிரமாதத்தின் வாயே ஆகும். பின்னர் நடந்தது நம் இளைஞர் மனத்திற் கொள்ளத்தக்கது. அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கிய அப்பெண்மணியும் ஓய்ந்திருக்கவில்லை. அன்று தட்டியவாறே மீண்டும் மீண்டும் தட்டி, வேகமாகத் திருத்தினால் மட்டுமே பிழை எழுகிறது என்பதைக் கண்டுபிடித்தனர். அவ்விருவர் செய்ததை அப்ரமத்த நிலையின் சாயல் என்று கூறத் தயங்கமாட்டோம்.

பிரமாதம் பதினைந்து என்று எண்ணுவர் நூலோர்: விகதை நான்கு, கஷாயம் நான்கு, இந்திரியம் ஐந்து, நித்திரை, சிநேகம். இவற்றை அலுவலகத்தில் தேட அதிக தூரம் செல்ல வேண்டுவதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு, விடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், கண் சொருக எழுதப்படும் நிரல் நித்திரைப் பிரமாதத்தின் குழந்தை. (இதில் எழுதியவனைவிட, இயலாத நாளைக் குறித்துக் கொடுத்த மேலாளருக்கே பங்கு அதிகம் என்பது நம் கருத்து.) நண்பன் எழுதியதாயிற்றே என்று வாசியாமலே ஒப்புதல் அளிப்பது சிநேகப் பிரமாதம். நம் நிரலில் பிறர் குறை காட்டும்போது முகம் சிவப்பது மானம்; கண்ட குறையை மறைப்பது மாயை.

மாயையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். முனிவர்கள் தம் குற்றத்தைக் குருவினிடம் உரைப்பதை ஆலோசனை என்பர். அதில் நேரும் தோஷங்கள் பத்து. குருவின் இரக்கத்தை முதலில் சம்பாதித்துக்கொண்டு பிறகு சொல்லுதல், பிறர் கண்ட குற்றத்தை மட்டும் சொல்லுதல், பெரியதைச் சொல்லிச் சிறியதை விடுதல், சிறியதைச் சொல்லிப் பெரியதை ஒளித்தல், ஆரவாரத்தின் நடுவே காதில் விழாதபடி சொல்லுதல் என்று அவை விரியும். இதனை ஒருமுறை நம் சிற்றூர் ஜினாலய மண்டபத்தில் விளக்கியபோது, மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் நால்வர் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தனர். காரணம் கேட்டோம். "ஐயா, எங்கள் அலுவலகத்தில் வாரந்தோறும் நடக்கும் கூட்டத்தைத் தாங்கள் நேரில் கண்டது போலச் சொல்கிறீர்கள்" என்றார் ஒருவர். வாடிக்கையாளர் கண்டுபிடித்த பிழையை மட்டுமே ஒப்புக்கொள்வதும், நாற்பது பக்க அறிக்கையின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் மெய்யை எழுதி வைப்பதும் வழக்கமாம்.

பிழையை மறைப்பது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இங்கிலாந்தின் அஞ்சல் நிலைய வழக்குகளே சான்று. ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் 1999 முதல் அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் புகுத்தப்பட்டது. கையிலுள்ள பணத்துக்கும் திரையிலுள்ள கணக்கிற்கும் வேறுபாடு தோன்றியபோது, குறை மென்பொருளில் இருக்கலாம் என்று அஞ்சல் துறையார் ஏற்கவில்லை. நிலையத்தை நடத்தியவரே திருடினார் என்றனர். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிறை சென்றோர் உண்டு, வீடிழந்தோர் உண்டு, மானத்தால் உயிர் துறந்தோரும் உண்டு. நிலையத்தார் அறியாமலே அவர்தம் கணக்கினுள் தொலைவிலிருந்து புகுந்து மாற்றும் வசதி மென்பொருள் செய்தோர்க்கு இருந்தது. அது இல்லையென்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தமையை உறுதி செய்தது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை நீக்கிற்று.

சத்திய அணுவிரதம் பூண்டவன், தன் சொல்லால் பிறர்க்குக் கேடு வரும் பொய்யை உரையான் என்கிறோம். நிரலும் ஒரு சொல்லே. 'இவர் இவ்வளவு பணம் தர வேண்டும்' என்று திரையில் தோன்றும் வரி, அதனை எழுதியவனின் வாக்குமூலம். அது பிறழ்ந்தால், நீதிமன்றம் ஏறாத பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது.

அசௌரியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். திருடிய பொருளைக் கொள்ளுதல், குறைத்தும் மிகுத்தும் அளத்தல் ஆகியவை அவ்விரதத்தின் அதிசாரங்கள். உரிமம் பெறாத மென்பொருளைப் பயன்படுத்துவது முதலாவது. ஐந்து மணி நேர வேலைக்கு எட்டு மணி என்று பதிவேட்டில் எழுதுவது இரண்டாவது. பன்னிரண்டு மணி நேரம் உழைக்கச் செய்து எட்டு என்று எழுதச் சொல்லும் முதலாளியின் படியும் கள்ளப் படியே.

இரவு உண்ணாமையைப் பற்றிப் பல தாய்மார்கள் நம்மிடம் கவலையோடு கேட்கிறார்கள். கதிரவன் இங்கே சாயும் நேரமே அமெரிக்காவில் அலுவலகம் திறக்கும் நேரம். பிள்ளைகள் எழ முடிவதில்லை. பெங்களூரில் பணிபுரியும் சகோதரி ஒருவர் இரண்டாவது டிபன் பெட்டி ஒன்றைக் கொண்டு சென்று, மாலை ஐந்து மணிக்கே உண்டு முடித்து, அதன்பின் கூட்டத்தில் அமர்கிறார். முதலில் கேலி செய்த உடன்பணியாளர்கள், இப்போது ஐந்து மணியானால் அவருக்கு நினைவூட்டுகிறார்களாம். நாள்தோறும் இயலாதவர்கள் அட்டமி, சதுர்த்தசி தினங்களிலேனும் தொடங்கலாம்.

இனி, நம்மை மிகவும் கலங்கச் செய்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தசலக்ஷண பருவத்தில், உத்தம சத்தியத்திற்குரிய நாளன்று, சொற்பொழிவு முடிந்ததும் இளைஞர் ஒருவர் தனியே வந்து நின்றார். பொறியியல் பட்டம் பெற்று ஓராண்டாகியும் வேலை கிட்டவில்லை. ஆள் சேர்த்துவிடும் இடம் ஒன்றில், மூன்றாண்டு அனுபவம் உள்ளதாகத் தன்விவரக் குறிப்பு எழுதி, இல்லாத நிறுவனத்தின் சான்றிதழும் சம்பளச் சீட்டும் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தந்தையார் நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்தவர்; வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. "எல்லோரும் இப்படித்தான் சேர்கிறார்கள், ஐயா. சேர்ந்த பிறகு உண்மையாக உழைத்தால் போதாதா?" என்று கேட்டார்.

பொய்ப் பத்திரம் எழுதுதலைக் கூடலேகக் கிரியை என்று உமாஸ்வாமி ஆசாரியரும், இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியரும் அதிசாரமாகக் கூறியுள்ளனர். இதனைச் சொல்லிவிட்டு எழுந்து போவது நமக்கு எளிது. வட்டி கட்டுபவர் நாமல்லவே! ஆகவே சூத்திரத்தைச் சொல்லாமல் ஒன்று கேட்டோம்: "தம்பி, மூன்றாண்டு பழகிய கை என்று நம்பி, மருத்துவமனைக் கருவிக்கோ வங்கிக் கணக்கிற்கோ உரிய வேலையை அவர்கள் உம்மிடம் தந்தால் என்ன செய்வீர்? தெரியாது என்று கேட்கவும் அப்போது வாய் வராதே." அவர் விடை கூறவில்லை. விடுமுறை முடிந்து சென்னைக்குச் சென்றுவிட்டார்.

அவர் அச்சான்றிதழை வாங்கவில்லை. அதன்பின் ஏழு மாதம் வேலையின்றி இருந்தார். அவருடைய தந்தையார் இரண்டு முறை ஜினாலயத்தில் நம்மைக் கண்டும் பேசாமல் சென்றார்; அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். அந்த ஏழு மாதத்தில் நம் ஊரார் அவருக்கு என்ன உதவி செய்தோம்? வங்கித் தவணைக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. கோயில் பணிக்கு நன்கொடை கேட்டு வீடு வீடாகச் சென்ற நமக்கு, அப்பிள்ளைக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டவும் தோன்றவில்லை. பிறரை நேர்மையில் நிறுத்திவிட்டு அதன் விலையை அவர் ஒருவரே செலுத்தட்டும் என்று விடுவது ஸ்திதிகரணம் ஆகாது; சம்யக்த்வத்தின் எட்டு அங்கங்களுள் அதுவும் ஒன்று என்பதை அன்று மறந்திருந்தோம்.

இறுதியில் சிறு நிறுவனம் ஒன்றில், குறைந்த ஊதியத்தில், பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பிழை காணும் பணியில் சேர்ந்தார். சென்ற ஆண்டு தசலக்ஷணத்திற்கு வந்திருந்தார். மருந்துக் கடைகளுக்கான மென்பொருளைச் சோதிக்கையில், மருந்தின் காலாவதி நாள் மாத இறுதியில் தவறாகக் காட்டப்படுவதை அவர் கண்டுபிடித்தாராம். எழுதியவரோ மூத்தவர், அது அற்பமானது, விட்டுவிடு என்றார், இவர் விடாமல் மூன்று முறை மேலிடத்திற்கு எழுதினாராம். "திருத்தினார்களா?" என்று கேட்டோம். "இரண்டு வாரம் கழித்துத் திருத்தினார்கள், ஐயா. அந்த மூத்தவர் மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை" என்று சொல்லிவிட்டு, சூரியன் சாய்வதைப் பார்த்து, உணவுக்கூடத்தை நோக்கி விரைந்தார்.