இன்னும் ஒரு கல்

பெங்களூருக்கு வேலை மாறிப் போன நண்பன் ஒருவன், சில வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் போன் செய்தான். "எல்லாம் போதும்னு இருக்குடா" என்றான். வேலையா, வீடா, காதலா என்று காரணம் கேட்டேன். அவன் எதையும் சொல்லவில்லை. நானும் விடவில்லை. நிரலில் பிழை தேடுவது என் தொழில். எந்த வரியில் கோளாறு என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். ஒரு மணி நேரம் வாழ்க்கையின் சார்பில் வாதாடினேன். பேச்சில் காம்யூகூட வந்துபோனார். கடைசியில் அவன், "சரி விடு. காலைல ஆறு மணிக்கு போன் பண்ணி எழுப்பி விடுறியா?" என்றான். அலாரம் வைத்துவிட்டு, வாதத்தில் ஜெயித்த நிம்மதியில் தூங்கிப்போனேன்.

அவன் கேட்டது என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஓர் ஈரானியப் படம். அப்பாஸ் கியரோஸ்தமி இயக்கி, 1997இல் கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்ட 'டேஸ்ட் ஆஃப் செர்ரி'.

கதை சின்னது. பாதீ என்கிற நடுத்தர வயதுக்காரர் டெஹ்ரானின் புறநகர் மண்மேடுகளில் கார் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். சாக முடிவெடுத்துவிட்டார். குழியும் தயார். விடியற்காலையில் வந்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். நிறையப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஏன் சாக வேண்டும் என்பதை மட்டும் படம் கடைசிவரை சொல்வதில்லை. முதல்முறை பார்த்தபோது எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. காரணமே தெரியாமல் ஒரு மனிதருக்காக எப்படிக் கவலைப்படுவது?

மூன்று பேர் அவர் காரில் ஏறுகிறார்கள். குர்து இனத்தைச் சேர்ந்த இளம் ராணுவ வீரன் விஷயம் தெரிந்ததும் கதவைத் திறந்து மேட்டிலிருந்து இறங்கி ஓடிவிடுகிறான். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து மதக்கல்வி படிக்கும் மாணவன், தற்கொலை பாவம் என்று பொறுமையாக விளக்குகிறான். அவன் சொல்வதில் கனிவு இருக்கிறது. ஆனால் பாதீ அறிவுரை தேடி வரவில்லை. அன்றிரவு போனில் நானும் அந்த மாணவன்தான். மதநூலுக்குப் பதில் தத்துவம் வைத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் பாகெரி. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் முதியவர். அவர் காரில் ஏறுவதையே நமக்குக் காட்டுவதில்லை. நாம் அவர் குரலைக் கேட்கும்போது அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பணம் தேவை. ஒப்புக்கொண்டபின் தன் கதையைச் சொல்கிறார். கல்யாணமான புதிதில் அவரும் சாகக் கிளம்பியவர். விடிவதற்கு முன் ஒரு மல்பெரி மரத்தில் ஏறினார், நம் ஊர் முசுக்கொட்டை. கையில் ஏதோ மெத்தென்று பட்டது. பழம். ஒன்று தின்றார், இன்னொன்று தின்றார். சூரியன் வந்தது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் மரத்தை உலுக்கச் சொன்னார்கள். மனைவிக்கும் கொஞ்சம் பழம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

ஆனால் அவர் 'சரி' என்று சொன்னது சரியா? சாவுக்கு உடந்தைதானே? இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நிஜ வாழ்க்கையில் ஒருவர் இப்படிக் கேட்டால் 'சரி' சொல்லக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பாகெரி ஒப்புக்கொண்ட வேலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வந்ததும் குழிக்குள் பார்த்து இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். வராவிட்டால் இருபது மண்வெட்டி மண். நிரல் எழுதுகிறவனுக்கு இது பழகிய வடிவம், 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது'. உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்பதைத்தான் பாதீ முதலில் எழுதியிருக்கிறார். சாவதற்கான திட்டத்துக்குள்ளேயே தன் பெயரைக் கூப்பிட ஒரு குரலைக் கேட்டிருக்கிறார். ஓடிப்போனவனும் உபதேசித்தவனும் அந்த முதல் வரியைக் கவனிக்கவில்லை. பாகெரிதான் 'காலையில் வருவேன்' என்கிறார்.

அவரை இறக்கிவிட்டுப் போன பாதீ, பதற்றத்தோடு அருங்காட்சியகத்துக்கே திரும்பி ஓடுகிறார். வரும்போது இரண்டு சின்னக் கல்லை எறிந்து பாருங்கள், நான் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்கிறார். மூன்று எறிகிறேன் என்கிறார் முதியவர். தோளையும் உலுக்கிப் பாருங்கள் என்கிறார் இவர். எனக்கு இந்தப் படத்தின் உச்சம் இதுதான். மல்பெரியின் ருசி பாதீயை மாற்றிவிட்டதா என்று தெரியாது. ஆனால் காலையில் ஒருவர் வருவார் என்று ஆனபிறகு, அவருக்கு இன்னும் ஒரு கல் தேவைப்படுகிறது.

அன்றிரவு பாதீ குழிக்குள் படுக்கிறார். மேகம் நிலவை மூடுகிறது, மின்னல், பிறகு திரை முழுக்க இருட்டு. அடுத்துத் தெரிவது பச்சைப் புல் முளைத்த அதே மேடு, படப்பிடிப்புக் குழு, கியரோஸ்தமி. அவர் பிழைத்தாரா என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

என் நண்பன் விஷயத்தில் பதில் உண்டு. நான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். விழித்தபோது மணி ஒன்பதரை. கை நடுங்க போன் செய்தேன். ஆறாவது மணியில் எடுத்து, "லேட்டுடா" என்றான். அப்புறம் மருத்துவரிடம் போனான், மாத்திரை எடுத்தான், மெல்ல மெல்ல மீண்டான். இப்போதும் அவனுக்குக் காரணம் தெரியாது. நானும் கேட்பதில்லை.

அந்த மூன்றரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அவன் என்னிடம் வாழ்க்கையின் அர்த்தத்தைக் கேட்கவில்லை. ஒரு கல் எறியச் சொன்னான்.