கடலை இறைத்த முனிவர்

மாசக் கடைசி வந்தால் விற்பனை வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சோறு இறங்குவதில்லை. மறைமலை நகர் ஷோரூமோ, மாமல்லபுரத்துக் கற்சிற்பக் கடையோ, எங்கும் டார்கெட் எட்டுமா என்ற ஒரே நினைப்பு. பலனில் பற்று வேண்டாம் என்று கீதையைக் காட்டிவிட்டு நாம் போய்விடலாம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளி ஃபீசும் அந்த இன்சென்டிவில்தானே இருக்கின்றன?

நம் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் தலபுராணத்தைப் பார்ப்போம். புண்டரீக மகரிஷி தாமரைகளைப் பறித்தார். பாற்கடலில் பள்ளிகொண்டவன் திருவடியில் சேர்க்க வேண்டும். குறுக்கே கடல். கையாலேயே இறைக்கத் தொடங்கிவிட்டார்! அவருக்கும் ஒரு டார்கெட் இருந்தது. அதில் குற்றமே இல்லை. அப்போது ஒரு கிழவர் வந்து, பசிக்கிறது, சோறு வேண்டும் என்றார். இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வருவதில்லை. வேலையோ பாதியில் கிடக்கிறது. வந்தவரால் காரியத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் இறைப்பதை நிறுத்திவிட்டுச் சோறு கொண்டுவரப் போனார் முனிவர். திரும்பி வந்தால், அந்தக் கிழவரே பெருமாளாக, அதே தாமரைகளைச் சூடிக்கொண்டு, ஆதிசேஷன்கூட இல்லாமல் வெறுந்தரையில் சயனித்திருந்தார். உற்சவர் உலகுய்ய நின்றான் திருக்கரத்தில் இன்றும் தாமரை மொட்டைச் சேவிக்கலாம்.

பற்று முற்றினால் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் மறைந்துவிடுவார். அவர் போடப்போகும் கையெழுத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் தலையில் வேண்டாத பாலிசியைக் கட்டிவிடுவது அந்த நேரத்தில்தான்.

பற்றை விட்டால் ஆர்டர் தானாக வரும் என்றும் எண்ணாதீர்கள். அது அதே பற்றின் இன்னொரு வேஷம். வராமலும் போகும். இதே மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதத்தைப் போய்ப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தவர்கள் அடித்தளத்தை முடிக்கவில்லை. ஏறத்தாழ 1300 வருஷமாக அப்படியே நிற்கிறது. ஆனால் மேல்தளத்து உருவங்களில் உளியின் அக்கறை துளியும் குறையவில்லையே!

கஸ்டமர் வேண்டாம் என்றால் வருத்தம் வரும். வரட்டும். ராத்திரி படுக்கும்முன் இரண்டைக் கேட்டுப் பாருங்கள்: நான் பேசியதில் பொய் இருந்ததா? அவர் சொன்னதைக் காதில் வாங்கினேனா? பொய் இருந்தால் மறுநாளே போன் போட்டுத் திருத்திச் சொல்லிவிடுங்கள், ஆர்டர் கைவிட்டுப் போனாலும் சரி. இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கி எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.