பழைய இரும்பும் நியாய விலையும்



புதிய பொருள் ஒன்றை வாங்கும்போது அதன் நியாயமான விலை எது என்ற கேள்வி எமக்கு அதிகம் எழுவதில்லை. கடைக்காரர் விலையை எழுதி ஒட்டியிருக்கிறார். நாலு கடை ஏறி இறங்கினால் அது கூடவோ குறையவோ என்பது தெரிந்துவிடும். ஆனால் கொட்டிலுக்குள் பதினைந்து வருடங்களாக ஓடாமல் நிற்கும் ஒரு மொறிஸ் மைனர் காருக்கு என்ன விலை? அதற்குப் பட்டியல் இல்லை. விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவில் கறள் பிடித்த ஒரு வண்டி. இங்கே விலையைத் தீர்மானிக்க வேண்டியது மனிதனுடைய மனச்சாட்சியே.

எமது ஊர்களில் இது அரிதான காரியமன்று. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரும் அக்காலத்து ஒஸ்ரின் ஏ-40உம் டாக்குத்தர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் நின்றவை. வாடகைக் காராக ஓடி மணப்பெண்ணையும் நோயாளியையும் ஏற்றியவை. 1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடியவையும் இவையே. அவற்றை ஓட்டியவர்களில் பலர் இன்று இல்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வீட்டில் தனித்திருக்கும் தாயாரிடம் ஒருவர் வந்து, "அம்மா, இது இனி ஓடாது. இரும்பு விலைக்குத் தாறீங்களோ?" என்று கேட்கிறார். அந்தத் தாயார் சொல்லும் மறுமொழி நாம் எல்லோரும் கேட்டுப் பழகியதுதான்: "எனக்கென்ன தெரியும் தம்பி, நீங்களே பார்த்துத் தாங்கோ."

இந்த இடத்தில் வாங்குபவர் எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவர்?

முதலில் இரும்பு விலை என்பதையே கணக்கிட்டுப் பார்ப்போம். மொறிஸ் மைனரின் நிறை ஏறத்தாழ முக்கால் தொன். கண்ணாடி, ரயர், இருக்கை முதலியவற்றைக் கழித்து 600 கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக மட்டும், கிலோ 100 ரூபா என்று கொள்வோம். இரும்பு 60,000 ரூபா. செம்பும் பித்தளையும் சேர்ந்த றேடியேற்றர், ஈயம் உள்ள பற்றறி, அலுமினியப் பாகங்கள் ஆகியவை தனியாக நிறுக்கப்பட வேண்டியவை, அவற்றுக்கு 15,000. மொத்தம் 75,000. இதில் லொறிக் கூலி, காஸ் வைத்து வெட்டும் கூலி, ஆட்கூலி என 20,000 போகட்டும். வெயிலில் அலைந்து திரியும் வியாபாரிக்கு 10,000 இலாபமும் போகட்டும். மீதி 45,000. வண்டி உண்மையிலேயே உலைக்குத்தான் போகிறதென்றால், இந்தத் தொகையைக் கொடுத்தவர் நீதியாகவே கொடுத்தார். பழைய இரும்பு வாங்குபவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நினைப்பதும் ஒரு அநீதிதான்.

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வண்டி உலைக்குத்தான் போகிறதா? எஞ்சினைக் கழற்றிப் பூட்டினால் ஓடக்கூடிய கார், அதே இனக் கார் வைத்திருப்பவர் தேடித்திரியும் கியர்பொக்ஸ், கறள் படாத கதவுகள்: இவை ஒவ்வொன்றும் இரும்பாக நிறுத்தால் ஒரு விலை, பாகமாக விற்றால் வேறு விலை. மேலும் 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதைச் சந்தையில் நின்றவர்கள் எல்லோரும் கண்டார்கள். கொட்டிலில் நின்ற வண்டியின் பெறுமதி கூடியது; வீட்டுக்குள் இருந்த தாயாருக்கோ அது தெரியாது. ஆகவே "இரும்பு விலை" என்ற சொல், அந்தப் பொருள் இனி வேறெதற்கும் உதவாது என்று சொல்லும் ஒரு சாட்சியம். அது பொய்ச் சாட்சியமாகவும் இருக்கலாம்.

"இருவரும் சம்மதித்துத்தானே விலை பேசினார்கள், பிறகென்ன அநீதி?" என்று நீங்கள் கேட்கலாம். சம்மதம் வேண்டியதே. ஆனால் சம்மதம் மாத்திரம் ஒரு விலையை நீதியாக்கிவிடாது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் கூலியைக் குறித்து இதையே போதித்தார்: பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு, வேறு வழியின்றி ஒருவன் குறைந்த கூலிக்கு இசைந்தால் அது அவன்மீது சுமத்தப்பட்ட பலவந்தமே. பசியினால் வரும் சம்மதத்துக்கும் அறியாமையினால் வரும் சம்மதத்துக்கும் அதிக தூரமில்லை.

புனித தோமஸ் அக்குவைனாஸ் தமது இறையியற் பெருநூலில் 77ஆம் வினா முழுவதையும் வாங்கல் விற்றலில் நடக்கும் வஞ்சகத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். நீதியான விலை என்பது ஊசிமுனைபோல ஒரே புள்ளியில் நிற்பதல்ல, அது ஒரு மதிப்பீடு. சிறிது கூடினாலும் குறைந்தாலும் நீதி கெட்டுவிடாது என்கிறார். ஆகவே ஐயாயிரம் ரூபா பேரம் பேசியதற்காக ஒருவரும் மனம் கலங்கத் தேவையில்லை. ஆனால் நியாய விலையின் பாதிக்கு மேல் வஞ்சிக்கப்பட்டால்தான் மனிதச் சட்டம் தலையிடும் என்றும், கடவுளின் சட்டமோ அப்படி எல்லை வைத்து வஞ்சகத்தை அனுமதிப்பதில்லை என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். நீதிமன்றத்தில் குற்றமில்லாதது பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் குற்றமில்லாததாகிவிடாது.

எமது கேள்விக்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்றையும் அவர் தருகிறார். விற்பவன் தன் பொன்னைப் பித்தளை என்று எண்ணி விற்க, வாங்குபவன் அது பொன் என்று அறிந்துகொண்டே பித்தளை விலைக்கு வாங்கினால், அவன் அநீதியாய் வாங்குகிறான், ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன். வேறோர் உதாரணமும் உண்டு. தானியம் அருமையாயிருக்கும் ஊருக்கு ஒரு வியாபாரி கோதுமை கொண்டுவருகிறான். பின்னால் வேறு வியாபாரிகளும் வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால் அவன் நீதியை மீறியவனாகத் தோன்றவில்லை; சொன்னால் அது மேலான புண்ணியம். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? முதலாவது, பொருள் இப்போது என்னவாக இருக்கிறது என்ற உண்மை. இரண்டாவது, நாளை சந்தையில் வரக்கூடிய மாற்றம்.

இந்த அளவுகோலைக் காருக்கு வைத்துப் பாருங்கள். ஓடக்கூடிய காரை ஓடாது என்று சொல்வதும், நல்ல எஞ்சினைக் கண்டும் வெறும் இரும்பென்று வாங்குவதும் பொன்னைப் பித்தளையாக்கும் வேலை. ஆனால் இருபது வருடம் கராஜில் எண்ணெய்க் கையோடு நின்று கற்ற ஒரு மெக்கானிக், அந்த வண்டியை வாங்கி, நாலு மாதம் பாடுபட்டுத் திருத்தி, நல்ல விலைக்கு விற்றால், அந்த இலாபம் அவருடைய உழைப்பின் பலன். கொழும்பில் அதை விரும்பி வாங்குபவரைத் தேடிப் பிடித்ததும் உழைப்பே. அந்த உழைப்பின் பங்கை விற்பவர் கேட்க முடியாது. பொருளின் பெறுமதி விற்பவருக்கு, உழைப்பின் பெறுமதி உழைத்தவருக்கு. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான சந்தேகங்கள் தெளியும்.

எனினும் "பார்த்துத் தாங்கோ" என்று சொல்லப்பட்டபின் நிலைமை இன்னும் மாறுகிறது. அந்தத் தாயார் பேரம் பேச மறுத்துவிட்டார். தராசின் இரு தட்டுகளையும் எதிரில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டார். இனி அவர் வாங்குபவர் மட்டுமல்ல, நடுவரும் அவரே. தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்ல வைக்கப்பட்டவன் மற்றப் பக்கத்துக்காகவும் பேசக் கடமைப்பட்டவன். "அம்மா, இரும்பாய்ப் போனால் இவ்வளவு. ஆனால் இதைத் திருத்தலாம். அப்படியானால் இவ்வளவு தரலாம். வேறொருவரிடமும் கேட்டுப் பாருங்கோ." இவ்வளவும் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

விற்பவருக்கும் கடமைகள் உண்டு. அடித்தகடு கறளில் இற்றுப்போனதைத் தார் பூசி மறைப்பதும், வெடித்த எஞ்சினை "சும்மா நிற்பாட்டி வைத்தது" என்று சொல்வதும் களவின் தங்கைகளே. அதே இனக் கார் வைத்திருக்கும் ஒருவர் அந்த ஒரு கியர்பொக்ஸ் இல்லாமல் பிழைப்பு இழந்து நிற்கிறார் என்று அறிந்து விலையை இரட்டிப்பாக்குவதும் ஆகாது. அவருடைய தேவை அவருடையது; தன்னுடையதல்லாததை ஒருவன் விற்க முடியாது என்பது தோமஸ் அக்குவைனாஸ் தரும் நியாயம். ஆனால் பொருளைப் பிரிவதால் விற்பவருக்கே உண்மையான நட்டம் உண்டென்றால் அதைக் கணக்கில் சேர்க்கலாம் என்கிறார். அப்பா ஓட்டிய கார் என்ற பாசம் பெரியது. அது விற்காமல் வைத்திருக்க நல்ல காரணம். வாங்குபவர் தலையில் கட்டும் தொகைக்கு அது காரணமாகாது என்பதே என் எண்ணம். காரை இரும்புக்குக் கொடுத்துவிட்டு, அதன் பதிவுப் புத்தகத்தை வேறொரு வண்டிக்குப் பயன்படுத்தக் கொடுப்பது பொய்க்குத் துணைபோவது. அதற்கு வரும் பணத்தில் நியாய விலை என்று ஒன்று இல்லை.

புனித அகுஸ்தீனார் தாம் அறிந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் அவரிடம் ஒரு நூலை விற்க வந்தார். அதன் பெறுமதி தெரியாமல் மிகக் குறைந்த விலை கேட்டார். அந்த மனிதரோ, கேட்டவர் எதிர்பாராத அளவு பெரிய தொகையாகிய உண்மை விலையையே கொடுத்தார். மலிவாக வாங்கவே எல்லாரும் விரும்புவர் என்ற பேச்சை மறுக்கவே அகுஸ்தீனார் இதைச் சொன்னார். அப்படி ஒருவர் அன்று இருந்தார் என்றால் இன்றும் இருக்க முடியும்.

எனவே விலை பேசப் போகுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எனக்குத் தெரிந்தது முழுவதும் அவருக்கும் தெரிந்திருந்தால், இந்த விலைக்கு அவர் இசைவாரா? இசைவார் என்றால் நிம்மதியாகக் கையெழுத்திடுங்கள். இசையமாட்டார் என்றால் நீங்கள் வாங்குவது அவருடைய அறியாமையை.

ஏற்கெனவே வாங்கிவிட்டேனே என்று மனம் உறுத்துகிறவர் இருந்தால் அவருக்கும் வழி அடைபடவில்லை. வெட்டிய கார் திரும்பி வராது. வித்தியாசப் பணம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். "அண்டைக்குக் குறைச்சுத் தந்திட்டன் அம்மா" என்று சொல்லிக் கையில் கொடுப்பது கடினந்தான். ஆனால் ஏழாம் கட்டளை எம்மிடம் கேட்பது அதையே.